வடிவு ஊற்றாத பால்

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு வடிவுடையது. அவள் புருஷன் தங்கவேல் தொழிற்பேட்டைக் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டியவர். பக்கவாதத்தில் படுத்து ஆறு வருஷம். பேச்சு போச்சு, வலப்பக்கம் போச்சு. படுக்கைப் புண் வராமலிருக்க, இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பூந்தமல்லியில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்கு ஒரே பஸ்தான். அந்த வாசலைக்கூட வடிவு ஆறு வருஷமாக மிதித்ததில்லை. பெண்டாட்டி என்றால் இப்படி இருக்கணும் என்று தெருவே மெச்சியது. மெச்சிய வாயில் ஒன்றாவது, "நீ போய்ட்டு வா, நான் ஒரு மணி நேரம் பாத்துக்கிறேன்" என்று சொன்னதா? என் வாயும் சொல்லவில்லை.

போன மாசம் ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். இழுத்துக்கொண்டு கிடந்தார். சொந்தம் கூடி, ஆளுக்கொரு ஸ்பூன் பால் ஊற்றியது. யாருக்காக உயிர் நிற்கிறதோ அவர் கைப்பால் உள்ளே இறங்கினால் அடங்கிவிடும் என்பது நம்பிக்கை. பத்து நாளாகியும் அடங்கவில்லை. வடிவு மட்டும்தான் பாக்கி.

"உன் கைக்குத்தான் காத்துக்கினு கெடக்கிறான். ஊத்தேன்டி" என்றாள் தங்கவேலின் அக்கா ஞானம்மாள்.

"ஊத்தினா போயிடுவாரு அண்ணி. ஆறு வருசமா பாத்துக்கினு, கடைசில நானே அனுப்பவா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அவரும் போக முடியாமல், இவளும் விட முடியாமல், என்ன பிழைப்பு இது!

மறுநாள் காலை அவரைப் புரட்டும்போது, இத்தனை பார்த்தும் கடைசியில் வந்துவிட்ட முதுகுப் புண்ணில் ஒட்டியிருந்த துணி பிய்ந்து வந்தது. அவரால் கத்தக்கூட முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. வடிவு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பாலை எடுத்து வந்தாள்.

"இன்னும் எத்தினி நாளு உன்னப் புடிச்சி வெப்பேன்? போய்யா. நா இருந்துக்குவேன்."

பால் இறங்கியது. மத்தியானம் போய்விட்டார். ஆறு வருஷமாக அந்த முகத்தில் இருந்த சுளிப்பைக் காணோம். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, அப்பாடா என்றிருந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

வடிவு அழவில்லை. அவரைக் கிடத்திய ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். அடுத்த நிமிஷம் குறட்டை. அந்த நேரம் பார்த்து ஐயப்பன்தாங்கல் சொந்தக்காரிகள் வாசலிலிருந்தே ஒப்பாரியை எடுத்துக்கொண்டு நுழைந்தார்கள்.

ஞானம்மாள் எழுந்து ஓடி வழியை மறித்தாள்.

"வாய மூடுங்கடி! அழுவறத அப்பறம் அழுவலாம். மொதல்ல அவ தூங்கட்டும்."