நின்ற தீட்டு திரும்பி வந்தபோது

1959ஆம் ஆண்டு பங்குனி மாதம், நின்றுபோய் ஒன்றரை வருசமான தீட்டு எனக்குத் திரும்பி வந்தது. நான் சந்தோசப்பட்டேன். என்னைப் போல ஒரு மடைச்சி இந்த வன்னியில் இருந்திருக்கமாட்டாள்.

அக்கராயன் குளக்கட்டடி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பெண்கள் மட்டும் இருக்கும்போது வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். வெட்கம் என்னை ஒருமுறை கொல்லப் பார்த்தது, அது போதும்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருசம் செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் மாமியார் வீட்டில் நான் கேட்காத பேச்சில்லை. அரசாங்கக் குடியேற்றத்தில் காணி கிடைத்து இங்கே வந்தபோது, அந்தப் பேச்சிலிருந்து தப்பினேன் என்று நினைத்தேன். இங்கே கமம் நன்றாக விளைந்தது. நானும் விளைந்தேன். சோறும் தயிரும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டு, வேலிப் படலைக்குள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குப் பருத்தேன். உங்களில் சிலர் என்னைப் பகிடி பண்ணியதும் தெரியும். பரவாயில்லை.

தீட்டு நின்றபோது நான் செத்தவீட்டில் அழுவது போல அழுதேன். இனி அம்மன் நினைத்தாலும் தர வழியில்லையே என்று. ஆகையால்தான் அது திரும்பி வந்த அன்று, தாய் கண் திறந்துவிட்டாள் என்று நம்பினேன். என் புருசன், எங்கள் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையாவோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் கோயில் மரத்தில் கட்டுவதற்கு வேப்பந்தடியில் ஒரு சின்னத் தொட்டில் செதுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிசன்.

தீட்டுத் துடக்கு நாட்களில் நாங்கள் வீட்டுக்குள் போவதில்லை, வளவு மூலையில் உள்ள கொட்டிலில்தானே இருப்போம். அந்தக் கொட்டிலில் நான் புதுப்பெண் போல இருந்தேன். சித்திரையில் இரண்டு தரம் வந்தது. வைகாசியில் வந்தது நிற்கவே இல்லை. அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாளும் வந்துபோனது. துடக்கோடு கோயிலுக்குப் போக முடியாது. தொட்டில் கட்டவும் முடியவில்லை. பறை ஒலியைக் கொட்டிலில் இருந்தே கேட்டேன். எழும்பினால் தலை சுற்றியது. அடிவயிறு இழுத்து இழுத்து வலித்தது. கோயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பி இருந்து அம்மனோடு சண்டை பிடித்தேன்.

"அம்மாளாச்சி, நீ தந்ததெண்டால் தாங்கிற பெலத்தையும் தா. நீ தரேல்லையெண்டால், ஆரின்ரை வாயாலையாவது எனக்குச் சொல்லு. என்னை ஏமாத்தாதை."

அடுத்த நாள் காலை வள்ளியம்மை வந்தாள். எங்கள் குடியேற்றத்துக்கு உடுப்பு வெளுக்கும் கட்டாடியின் மனைவி. துடக்குச் சீலைகளை எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து தருவது அவள்தான். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போது வந்தது, எப்போது நின்றது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அன்று மூட்டையை எடுத்தவள் போகாமல் நின்றாள்.

"நாச்சியார், ஒண்டு சொன்னா ஏசமாட்டியளோ?"

"என்னடி?"

"இது மாசத் தீட்டில்லை. நான் சின்ன வயசிலையிருந்து சீலை கழுவிறன். மாசச் சீலையின்ரை நிறம் எனக்குத் தெரியும். இது அந்த நிறமில்லை, மணமும் வேறை. என்ரை அம்மாவுக்கும் நிண்டு போய் திரும்பி வந்தது. வயசு திரும்புதெண்டு எல்லாரும் சிரிச்சினம். அவா அடுத்த தைப்பொங்கலைக் காணேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "எரிச்சலடி உனக்கு! நாலு பிள்ளை பெத்தனி, எனக்கொண்டு வரப்போகுதெண்டு பொறுக்கேல்லை. போடி வெளியிலை!" என்று கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கேட்டது நான். சொல்ல அம்மன் ஆளை அனுப்பினாள். கேளாதவளும் நானேதான்.

ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போய், வரம்பில் நின்ற எங்கள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். பெண்களின் சீலைக் கதையை ஒரு ஆம்பிளையிடம், அதுவும் கட்டாடி வீட்டுப் பெண்ணான அவள் சொல்வதென்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடியும் விழுந்திருக்கலாம். அவள் சொன்னாள்.

அவர் வந்து கொட்டில் வாசலில் குந்தினார். துடக்குக் கொட்டிலுக்குக் கிட்ட அவர் ஒருநாளும் வந்ததில்லை. நான் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் கை வைத்தால் வரப்போகிற பிள்ளையும் வராமல் போய்விடும் என்று அழுதேன்.

"இஞ்சேர்," என்றார். "நீ கேட்டதைத்தான் நானும் இவ்வளவு காலமும் கேட்டனான். இப்ப எனக்குப் பிள்ளை வேண்டாம். நீ மட்டும் இருந்தாக் காணும்."

அன்று மத்தியானமே வண்டி கட்டினார். கிளிநொச்சியில் ரயில் ஏறி யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருப்பைக்குள் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். ஆடி மாதம் முழுவதும் காத்திருந்தோம். பிறகு வயதான டாக்குத்தர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். எத்தனை பிள்ளை, தீட்டு எத்தனை வயதில் நின்றது, சலரோகம் என்கிற நீரிழிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை நானும் கண்டிருக்கிறேன், கணக்கெடுக்கவில்லை. கருப்பையில் புற்று என்றார்.

"பிள்ளை பெறாத பாவம்தானோ ஐயா?" என்று கேட்டேன். வேறு கேள்வி எனக்கு வாயில் வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாவமுமில்லை, சாபமுமில்லை. பிள்ளை பெறாத ஆக்களுக்கு, தீட்டுப் பிந்தி நிண்ட ஆக்களுக்கு, உடம்பு பருத்த ஆக்களுக்கு, சலரோகக்காரருக்கு இது கொஞ்சம் கூட வாறதை நாங்கள் காணுறம். இதெல்லாம் இருந்தும் வராத ஆக்கள் இருக்கினம். ஒண்டுமில்லாமல் வந்த ஆக்களும் இருக்கினம். ஏன் உங்களுக்கெண்டு என்னாலை சொல்லேலாது அம்மா. நிண்டது திரும்பிச் சொட்டினாலும் அது தீட்டில்லை, உடனை காட்டவேணும். நீங்கள் நேரத்தோடை வந்திட்டியள்."

நேரத்தோடு வந்தது நானா? என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

கருப்பையை எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். இருபத்தெட்டு வருசம் எதை நிறைக்கச் சொல்லி அழுதேனோ, அதையே வெட்டி எடுக்க நானே கையெழுத்துப் போட்டேன். பெற்றுப் பறிகொடுத்தவள் அழுவது போல அழுதேன். அந்த அழுகை இன்னும் முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். யாராவது தொட்டில் ஆட்டும்போது நான் குசினி அடுப்படிக்குள் போய்விடுவது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

பக்கத்துக் கட்டிலில் கனகராயன்குளத்து அக்கா ஒருவர் இருந்தார். ஐந்து பிள்ளை பெற்றவர், மெலிந்தவர். அவருக்கும் இதுதான். கோயிலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் இரத்தம் படுவதை ஒரு வருசம் மறைத்து வைத்திருந்தார். "வயிறு திறந்து பாத்திட்டு அப்பிடியே தைச்சிட்டினமாம் தங்கச்சி," என்றார் ஒரு நாள். மெல்லச் சிரித்தார். நான் வீட்டுக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் அவருடைய கட்டில் வெறுமையாகிவிட்டது. அவரும் அம்மனைக் கும்பிட்டவர்தான். எனக்குச் சொல்ல ஆளை அனுப்பினாயே, அவருக்கு ஏன் அனுப்பவில்லை என்று தாயிடம் இன்றும் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே கும்பிடுகிறேன்.

இரண்டு வருசம் முடிந்துவிட்டது. நோய் திரும்பவில்லை. சர்க்கரையை விட்டேன், உடம்பும் வற்றியது. ஊருக்கு வந்த முதல் நாள் வள்ளியம்மை வீட்டுக்கு நானே நடந்துபோனேன். காலில் விழப் போனேன், அவள் பதறிப்போய்ப் பிடித்துவிட்டாள். இப்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையில்தான் இருப்பாள், எங்கள் கோப்பையில்தான் தேத்தண்ணி குடிப்பாள். அதற்காக என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நிறுத்துங்கள். எனக்கு உயிர் வந்த வாசல் அவள்.

பிள்ளை கேட்டேன், தாய் என் உயிரைத் தந்தாள். கேட்டது கிடைக்கவில்லை என்ற துக்கமும் கிடைத்தது பெரிது என்ற நன்றியும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன. இதுதான் என் சாட்சி.

இவ்வளவையும் இன்று ஏன் எழுதினேன்? போன கிழமை வள்ளியம்மை கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நாச்சியார், இந்தக் குடியேற்றத்திலை இன்னொரு வீட்டிலையும் அந்த நிறம் காணுறன்," என்றாள். யார் என்று கேட்டேன். "சொல்லமாட்டன். சொல்லவேண்டாமெண்டு என்ரை கையைப் பிடிச்சு அழுதவா," என்றாள்.

அம்மா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இதை வாசிக்கும்போது இங்கேதான் எங்கோ இருக்கிறீர்கள். அல்லது வர முடியாமல் உங்கள் கொட்டிலில் இருக்கிறீர்கள், இதைக் கேட்டவர் யாராவது உங்களிடம் வந்து சொல்லட்டும். தாயிடம் கேளுங்கள், அவள் சொல்வதைக் கேட்கவும் செய்யுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை விடிய எங்கள் வண்டி கிளிநொச்சிக்குப் போகிறது. நானும் வருகிறேன். வண்டியில் பாய் விரித்திருக்கும். ஏறுங்கள், ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.