கறுப்பு தொடங்கும் இடம்

எனக்குத் திமிர் அதிகம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. இல்லை என்று நானும் சொன்னதில்லை. படத்தை எடுத்து, வெட்டி ஒட்டி முடித்த பிறகு, கடைசியாக அது என் மேஜைக்கு வரும். நிறங்களைச் சரிசெய்து, வெளிச்சத்தையும் நிழலையும் ஒழுங்குபடுத்தி, திரையிடத் தயாரான கோப்பாக ஆக்கித் தருவது என் வேலை. எனக்குப் பிறகு அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கடைசிக் கை என்னுடையது என்பதால் வந்த திமிர்தான் அது.

தில்லி லாஜ்பத் நகரில் ஒரு பேஸ்மென்ட்டில் எங்கள் ஸ்டுடியோ. என் அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்திருக்கும். கண்ணைக் கெடுக்கிற எந்த நிறமும் உள்ளே வரக் கூடாது என்று சிவப்புச் சுடிதாரோடு வந்த ஒரு வாடிக்கையாளரைக் கறுப்புச் சால்வை போர்த்தி உட்கார வைத்திருக்கிறேன். மேஜை நடுவில் பெரிய மானிட்டர். அதில் தெரிவதுதான் உண்மை, மற்ற எல்லாத் திரையும் உத்தேசம்தான். மென்பொருள் தன் பக்கத்திலும் ஒரு சின்னப் படத்தைக் காட்டும். அதை நான் அணைத்தே வைத்திருப்பேன். படம் தங்குதடையில்லாமல் ஓடும் என்பது ஒரு காரணம். ஒரே படத்தை இரண்டு திரையில் பார்த்தால் மனசு ரெண்டுபடும் என்பது இன்னொன்று.

அந்த மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தேன். 'தொடாதே' என்று தமிழில் எழுதியது. ஸ்டுடியோவில் எல்லோரும் இந்திக்காரர்கள், பஞ்சாபிகள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த நான் ஒருத்திதான் அதைப் படிக்க முடியும் என்பதால் அது எனக்கு நானே போட்டுக்கொண்ட எச்சரிக்கை என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

உண்மையில் இன்னொருவரும் படித்தார். காலையில் பெருக்கித் துடைக்க வருகிற அக்கா. மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். முதல் நாளே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அந்த மானிட்டரை மட்டும் துடைக்காமல் விட்டார். இரண்டு வருஷமாக அதன் முதுகில் தூசி படிந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

கேம்ப்பை அரசாங்கம் இடித்த பிறகு, ஊர்க்கோடியில் நரேலாவில் கொடுத்த வீட்டிலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தார். முன்பு நடந்தே வந்துவிடுகிற தூரம். இப்போது இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. இடம் மாறிய முதல் குளிர்காலத்திலேயே அவர் வீட்டுக்காரர் போய்விட்டார். மார்ச்சளி என்றார்கள். பத்து நாள் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆவணப்படம் என்னிடம் வந்தது. இடிப்பதற்கு முந்தின வாரங்களில் கேம்ப்பில் எடுத்தது. இயக்குநர் வேறொரு வேலையாக எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துபோனவர். அந்தச் சந்துகளுக்கு அவருக்கு வழிகாட்டியதே அக்காதான். ஒன்பது நாள் உட்கார்ந்து செய்தேன். நிழல்கள் கன்னங்கரேலென்று இறங்கி, வெயில் சுவரில் சுள்ளென்று அடித்தது. இயக்குநர் பார்த்துவிட்டு, "ஏக்தம் சினிமா!" என்றார், அசல் சினிமாவேதான் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் காலை அக்கா வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"மேடம், எங்க வூட்டப் புடிச்சது இதுல இருக்குதா?"

"இருக்குக்கா. நீல வாசல்தானே?"

"ஆமாம்மா. அவரு அன்னிக்கு வாசப்படிக்கு உள்ள உக்காந்து டீ குடிச்சினு இருந்தாராம். நான் வேலைக்கு வந்துட்டேன். சாயங்காலம் அவருதான் சொன்னாரு, இன்னிக்கு என்னை சினிமா புடிச்சாங்கன்னு. வூட்ல ஆதார் கார்டு போட்டோவத்தான் பெருசு பண்ணி மாட்டி வெச்சிருக்கோம். அதுல மனுசன் திருடன் மாதிரி முழிக்கிறாரு. செல்லுல இருந்ததெல்லாம் சாமான் தூக்கறப்ப செல்லோட போச்சு. அந்த ஒரு போட்டோ கெடச்சா போதும்மா."

அந்தக் காட்சியைத் தேடி நிறுத்தினேன். நீலச் சட்டம், பாதி திறந்த கதவு, வெளியே கவிழ்த்த ஒரு குடம். கதவுக்கு உள்ளே கறுப்பு. நான் ரசித்து ரசித்து இறக்கிய கறுப்பு.

"உள்ள யாரும் இல்லக்கா," என்றேன்.

"நல்லாப் பாரும்மா."

"பார்த்துட்டேன்க்கா. இந்த மானிட்டர்ல இல்லைன்னா இல்லைதான். வேற நேரத்துல எடுத்திருப்பாங்க."

நிழலில் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஒரு விரல் அசைவு. பார்க்கவில்லை. ஒன்பது நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அக்கா தலையாட்டினார். "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்தார். எனக்கு மனசு கேட்காமல், வீட்டு வாசலாவது இருக்கட்டும் என்று அந்தக் காட்சியில் ஒரு ஃப்ரேமை மட்டும் போட்டோவாக எடுத்து அவருடைய புதுச் செல்லுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மறுநாள் காலை அக்கா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். செல்லை என் முன்னால் நீட்டினார். கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்ட செல். பஸ்ஸில் வெயிலில் பார்ப்பதற்காக வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தார்.

"கீறாரு பாரும்மா."

நீல வாசல். பாதிக் கதவு. அதற்குப் பின்னால், பழுப்பு நிழலில், வெள்ளை பனியன் போட்ட ஒருவர். ஒரு முட்டி, கையில் எவர்சில்வர் டம்ளர், பாதி முகம்.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "செல்லுல வெளிச்சம் ஜாஸ்திக்கா, அதனால அப்படித் தெரியுது." சொல்லி முடிக்கும்போதே எனக்கே உறைத்தது. வெளிச்சத்தை ஏற்றினால் கறுப்பு வெளுக்கும். இல்லாத ஆள் டம்ளரோடு வந்து உட்கார மாட்டார்.

மானிட்டரில் அதே காட்சியை நிறுத்தி, செல்லைப் பக்கத்தில் வைத்தேன். இங்கே ஆள், அங்கே இருட்டு. என் கை தானாக அமைப்புகள் பக்கத்துக்குப் போனது. புதுப் படம் ஒன்றைத் திறக்கும்போது நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பது வழக்கம். படம் முழு அளவில் ஓடுகிறதா, நடுவில் ஃப்ரேம்கள் விடுபடுகின்றனவா, வேகம் சரியா, நிற அட்டவணை சரியா, கடைசியாக, மென்பொருளும் மானிட்டரும் கறுப்பை ஒரே இடத்திலிருந்து எண்ணுகின்றனவா. கறுப்பை எண்ண இரண்டு முறைகள் உண்டு. ஒன்று பூஜ்ஜியத்தில் தொடங்கும், மற்றது கொஞ்சம் மேலே. ஒன்று ஒரு முறையில் அனுப்பி மற்றது வேறு முறையில் வாங்கினால், அந்த இடைவெளியில் இருப்பது எல்லாம் இருட்டில் மூழ்கிவிடும். கோப்பில் இருக்கும், மானிட்டரில் இருக்காது.

இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நகைக்கடை விளம்பரம் செய்திருந்தேன். கடையில் சுவர் முழுக்க நிற்கிற எல்இடி திரைக்காக அந்த ஐந்தாவதை மட்டும் மாற்றியிருந்தேன். அது முடிந்ததும் திருப்பி வைக்கவில்லை. மானிட்டரை யாரும் தொடக் கூடாது என்று காகிதம் ஒட்டிய நானே, தொட்டதை மறந்துவிட்டு, அதற்கு மேல் ஒன்பது நாள் உட்கார்ந்து 'ஏக்தம் சினிமா' பண்ணியிருக்கிறேன். இயக்குநர் மெச்சிய அந்தக் கன்னங்கரேல் நிழல் என் கைவண்ணமே இல்லை.

மாற்றினேன். இரண்டு க்ளிக்.

கறுப்பு மெல்ல இளகியது போல இருந்தது. உண்மையில் ஒரே நொடிதான். கதவுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். பின்சுவரில் காலண்டர், அதற்குக் கீழே மடித்து வைத்த பாய், கொடியில் ஒரு சேலை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மானிட்டரை நோக்கி விரலை நீட்டினார். காகிதத்தைப் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார்.

அதைப் பிய்த்து எடுத்துக் கசக்கினேன். "தொடுங்கக்கா," என்றேன். தொடவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா. நேத்து இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்னம்மா பண்றது," என்றார். குரலில் கோபம் இல்லை. "வூடு குடுக்கறப்பவும் இப்படித்தான். ஆபீசுல கம்ப்யூட்டரப் பாத்துட்டு லிஸ்டுல இவரு பேரு இல்லன்னாங்க. மூணு வாட்டி போயி நின்னோம். மூணாவது வாட்டிதான் வேற ஒருத்தரு நல்லாத் தேடிப் பாத்து, ஹான் ஜி, இருக்குதுன்னாரு. எங்க வூட்டுக்காரரு வெளிய வந்து சிரிக்கிறாரு. நான் எதுக்க நிக்கிறேன், இல்லைங்கிறாங்க பாருடீன்னு."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். முதல் தடவை தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொன்ன அந்த ஆளை எனக்கு ரொம்ப நன்றாகவே தெரியும் போலிருந்தது. அக்கா என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு அசிங்கம் பாருங்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது மற்றது உறைத்தது. முழுப் படமும் தப்பு. இரண்டு நாளில் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதை இயக்குநரிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும். அவர் தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்வார். மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

"ஓட்டட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"ஓடுமா?" என்றார். செல்லில் அசையாத படத்தை மட்டும் பார்த்திருந்தவர், அதுவே எல்லாம் என்று நினைத்திருக்கிறார்.

படத்தில் அந்தக் காட்சி நான்கு நொடிதான். அதைவிட்டுவிட்டு, கேமராவிலிருந்து வந்த மூலக் காட்சியைத் திறந்தேன். வெட்டாதது. முழு அளவில், ஒரு ஃப்ரேம்கூட விடாமல் ஓடும்படி வைத்தேன். ஐந்தாவதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். சுழலும் நாற்காலியை அக்காவுக்குத் தள்ளினேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் நுனியில் உட்கார்ந்தார்.

திரையில் அவர் வீட்டுக்காரர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். சூடு போல, ஊதினார். ஈயை விரட்டினார். கேமராவை ஒரு தடவை பார்த்தார், கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பினார். தெருவில் யாரோ பையா பையா என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். இன்னொரு வாய் குடித்தார். அக்காவின் உதடு அவரோடு சேர்ந்து குவிந்து ஊதியது. அக்காவுக்கே அது தெரியவில்லை.

மேஜையில் செல் அதிர்ந்தது. இயக்குநர். மணி பதினொன்று. பழக்கத்தில் என் கட்டைவிரல் படத்தை நிறுத்துகிற விசைக்குப் போனது.

"நிறுத்தாதம்மா," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டீ குடிச்சினு இருக்காரு."

கையை எடுத்துவிட்டேன். போன் அடித்து ஓய்ந்தது.