மோகனா திரும்ப வாங்கிய அறிக்கை

மோகனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கைகள் முந்நூற்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் அவளே போய்த் திரும்ப வாங்கினாள். ஜெலுத்தோங்கில் இருக்கும் ஹபீபா பீவியின் வீட்டுக்காக எழுதியது அது.

வீட்டில் விழும் விரிசலைப் பார்த்து, அது ஏன் விழுந்தது என்று சொல்வது மோகனாவின் வேலை. வயது நாற்பத்தாறு. நிபோங் திபாலில் கணவருடனும் இரண்டு மகள்களுடனும் குடியிருக்கிறாள். தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைக் கடந்து, ஜெலுத்தோங் இருக்கும் தீவுக்கு வேலைக்கு வருவாள். இந்த வேலைக்கு முன் பதினேழு வருடம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அங்கேயும் விரிசல் பார்க்கிற வேலைதான். நகத்தளவு பீங்கான் துண்டுகளை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, மயிரிழைக் கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். ஒருநாள் அந்த வேலையைச் செய்யக் கேமரா பொருத்திய இயந்திரம் வந்தது. அவளோடு உட்கார்ந்திருந்த பதினொரு பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அஸ்திவாரம் பழுதுபார்க்கும் தொழில் நடத்தும் லோகேஸ்வரன் அவளை ஆபீசில் கடிதம் அடிக்கத்தான் எடுத்தார். சேர்ந்த மூன்றாவது மாதம் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஆட்கள் விரிசலைப் படம் எடுத்து வருகிறார்கள், யாரும் அளப்பதில்லை.

“அளக்காம எப்படி பாஸ், இது பெருசாகுதா, நின்னுபோச்சான்னு தெரியும்?”

“அப்போ நீயே போய் அள லா,” என்று சிரித்தார் லோகேஸ்வரன்.

அவள் போனாள். பிறகு வார இறுதிகளில் கட்டட ஆய்வு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கினாள். ஆறேழு வருடத்தில், மோகனா பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் தன்னைக் கெடுத்தது என்று அவள் பின்னால் சொல்வாள்.

ஹபீபா பீவிக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் இறந்தபின் மகன் அஃபிக்குடன் அந்த வரிசை வீட்டில் இருந்தார். முன்பகுதி அந்தக் காலத்திலேயே மண்ணில் ஆழமாக மரக்கழிகள் இறக்கிக் கட்டியது, உறுதியாக நின்றது. பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு அப்படியொன்றும் இல்லை. சேற்று மண்ணின் மேல் மெலிதான அஸ்திவாரம்தான். அதன் பின்சுவரில் ஒரு விரிசல் படிப்படியாக ஏறி, பக்கத்து வீட்டை ஒட்டிய மூலையருகே முடிந்தது. கீழே நூல் போல இருந்தது. மேலே சுண்டுவிரல் நுழைந்தது. இரண்டு முறை பூசியும் மறுபடி திறந்துகொண்டது.

“பக்கத்து வீட்டு அண்ணே பின்னால தோண்டி ரூம் எடுத்தாரு பாரு, அதிலேர்ந்துதான் இந்தக் கூத்து,” என்றார் ஹபீபா பீவி.

பக்கத்து வீட்டுக்காரர் திருநாவுக்கரசு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் தன் வீட்டுப் பின்பக்கத்தில் தூண் எழுப்பி மாடியில் ஓர் அறை கட்டியிருந்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

மோகனா தரை மட்டம் பார்த்தாள். அந்த மூலைப்பக்கம் முப்பத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மூலை உட்காருகிறது, அதனால் சுவர் கிழிகிறது, அதில் சந்தேகமில்லை. மூலைக்கு இரண்டடி தள்ளி புதுத் தூண் நின்றது. எல்லாம் பொருந்தியது. விரிசலின் இரு பக்கமும் அளவுகோல் ஒட்டிவிட்டு வந்து, பக்கத்து வீட்டுக் கட்டுமானமே காரணம் என்று எழுதிக் கொடுத்தாள். ஹபீபா பீவி அந்த அறிக்கையோடு வக்கீலிடம் போனார். திருநாவுக்கரசுக்கு நோட்டீஸ் போயிற்று.

மூன்று மாதம் கழித்து அளவு பார்க்க வந்தபோதுதான் மோகனாவுக்கு முதலில் உறுத்தியது. விரிசல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் அகன்றிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் தோண்டியது காரணமென்றால் இந்நேரம் அடங்கியிருக்க வேண்டும். இது வேகம் பிடித்திருந்தது.

அவள் உளியை எடுத்துப் பூச்சைக் கொத்தினாள். உள்ளே உடைந்த செங்கல்லின் விளிம்பில் பச்சை நிறம் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு அங்குல ஆழத்துக்குப் பச்சைப் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது.

“அக்கா, இந்தக் குசினிச் சுவரு எப்போ பச்சையா இருந்திச்சு?”

“அவர் இருக்கும்போது. அவர் மௌத்தான வருஷம் வெள்ளை அடிச்சோம். ஒம்போது வருஷம் ஆச்சே. ஏன் கேக்கறே?”

மோகனா கணக்குப் போட்டாள். பச்சை அடித்தபோதே சுவர் பிளந்திருக்கிறது. அதனால்தான் பெயின்ட் உள்ளே ஓடியிருக்கிறது. அப்போது பக்கத்து வீட்டில் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை.

மூலையை ஒட்டிக் குளியலறை இருந்தது. அவள் ஹபீபா பீவியிடம் ஒரு போத்தல் ரோஸ் சிராப் கேட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். வாளித் தண்ணீரில் அதைக் கரைத்துக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றிவிட்டு, பின்சந்தில் கழிவுத்தொட்டியின் மூடியைத் திறந்து நின்ற அஃபிக்கிடம் குரல் கொடுத்தாள்.

“வருதா தம்பி?”

“கொஞ்சம் சிவப்பா வருதுக்கா.” அவன் குரல் மறுபடி வந்தது. “அவ்ளோதான். நின்னுபோச்சு.”

ஒரு வாளி ஊற்றினால் அரை வாளிகூட வந்து சேரவில்லை. மூலையில் ஒரு தரைக்கல்லைப் பெயர்த்துக் கம்பியை இறக்கினாள். மண் தட்டவே இல்லை; கை முழங்கைவரை உள்ளே போயிற்று. உடைந்த குழாயிலிருந்து வழிந்த தண்ணீர், வருடக்கணக்காக அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது.

ஆபீசுக்குத் திரும்பி லோகேஸ்வரனிடம் சொன்னாள். அவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

“இன்னொரு ரிப்போர்ட் எழுதுவோம். இதுவும் ஒரு காரணம்னு போட்ருவோம். பழசு அப்படியே இருக்கட்டும்.”

“பழசு தப்பு பாஸ். அது மேல இன்னொரு காகிதம் வச்சா சரியாயிடுமா?”

“நம்ம பேரு என்னாவறது?”

“அந்தப் பக்கத்து வீட்டு ஆளு பேரு ஏற்கெனவே கெட்டுப்போச்சே.”

லோகேஸ்வரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

மறுநாள் ஹபீபா பீவி கேட்டதும் கொதித்துப்போனார். “நீதானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே? நான் வக்கீல் வரைக்கும் போயிட்டேன். இப்ப வந்து என் வீட்டுக் குழாய்ங்கறே. அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“தப்பு என்னோடது அக்கா. அவர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

அறிக்கையை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். திருநாவுக்கரசு இரும்புக் கேட்டுக்கு உள்ளேயே நின்று முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் சத்தமே போடவில்லை.

“நோட்டீஸ் வந்ததிலேர்ந்து என் வீட்டுக்காரம்மா வெளிய தலை காட்றதில்லை. ஊரே எங்களைக் குத்தவாளியா பாக்குதுங்கறாங்க,” என்றார். பிறகு, “என் பக்கம் நான் இன்ஜினியர் வச்சு, அடியில பைல் தூண் இறக்கித்தான் கட்டினேன். பிளான் எல்லாம் இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து கேட்டீங்களா?”

“கேக்கலை அண்ணே.”

“ஏன்?”

“தேவையில்லன்னு நெனச்சேன்,” என்றாள். அதுதான் உண்மை. தொழிற்சாலையில் ஒரு துண்டை ஆறு கோணத்தில் திருப்பிப் பார்க்காமல் அவள் ஒதுக்கியதில்லை. இங்கே ஒரு மனிதரை ஒரே கோணத்தில் பார்த்து முடிவு கட்டியிருந்தாள்.

அதோடு முடியவில்லை. மூலையைத் தாங்கக் கெட்டியான மண்வரை சின்னச் சின்னத் துளை போட்டு, இரும்புக் குழாய் இறக்கி, கான்கிரீட் நிரப்ப வேண்டும். துளை போடும் இயந்திரம் நிற்க ஹபீபா பீவியின் பக்கம் இடமில்லை. திருநாவுக்கரசின் பின்கட்டில்தான் நிறுத்த வேண்டும். கேட்கக் கூசியது, கேட்டாள்.

அவர் யோசித்தார். “மெஷின் வரட்டும். ஆனா நீங்க கேக்கக்கூடாது. அந்தம்மா வந்து கேக்கட்டும்.”

ஹபீபா பீவிக்கு நான்கு நாள் ஆயிற்று. முதலில் வக்கீலிடம் சொல்லி, நோட்டீசைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதி வாங்கினார். ஐந்தாம் நாள் பிற்பகல் அசர் தொழுகை முடித்துவிட்டு, அந்தக் கடிதத்தோடு பக்கத்து வாசலில் போய் நின்றார். மோகனா கூடப் போகவில்லை; அஃபிக்தான் பிற்பாடு சொன்னான்.

“அண்ணே, நான் சொன்னது தப்பாப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்க. மெஷின் நிறுத்த உங்க இடம் வேணும்.”

திருநாவுக்கரசு கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா,” என்றாராம். பிறகு, “வரச் சொல்லுங்க. பூத்தொட்டியெல்லாம் ஓரமா நகத்திட்டு நிறுத்தச் சொல்லுங்க. உடைச்சா எங்க வீட்டுல என்னைத்தான் ஏசுவாங்க,” என்றாராம்.

வேலை ஐந்து வாரம் நடந்தது. முதலில் குழாயை மாற்றினார்கள். பிறகு ஐந்து துளைகள். பதினாறு மீட்டர் போனபின்தான் கெட்டி மண் தட்டியது. குழாய்களின் தலைகளைச் சேர்த்து, அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு கான்கிரீட் உத்தரம் போட்டார்கள். மண் கரைந்துபோன வெற்றிடத்தில் சிமென்ட் பாலைச் செலுத்தினார்கள். கிரேன் ஓட்டிய பழக்கம். திருநாவுக்கரசு தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இயந்திரம் சாய்ந்தால் ஆட்களுக்குக் கை காட்டினார். ஒரு தொட்டி உடைந்தது. ஏச்சு விழுந்தது.

எல்லாம் முடிந்தும் மோகனா சுவரைப் பூச விடவில்லை. “ஆறு மாசம் பாக்கணும் அக்கா.”

“விருந்தாளி வர்ற வீடு. இப்படியே பொளந்து கெடந்தா என்ன நினைப்பாங்க?”

“இருக்கட்டும் அக்கா. நின்னுபோச்சுன்னு எனக்குத் தெரியணும்.”

மாதம் ஒருமுறை வந்து அளந்தாள். ஆறாவது மாதமும் அளவு அசையவில்லை. அதன் பிறகே விரிசலின் குறுக்கே கம்பி வைத்துத் தைத்து, பூசி, வெள்ளை அடித்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் உறவு கொண்டாடவில்லை. ஆனால் பின்சந்தின் லோங்காங் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியபோது, புகார்க் கடிதத்தில் இருவரும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

மோகனா இப்போது முதல் நாளே காரணம் எழுதுவதில்லை. இரண்டு பக்கத்து வீட்டிலும் கதவைத் தட்டிப் பேசுகிறாள். தரைக்கடியில் ஓடும் குழாயெல்லாம் பார்க்கிறாள். சிலர் பொறுமை இழந்து வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள், லோகேஸ்வரன் முணுமுணுக்கிறார். பாயான் லெப்பாசில் ஒரு வீட்டை மூன்று மாதமாக அளந்துகொண்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர் வாரம் தவறாமல் போன் செய்து காரணம் என்னவென்று கேட்கிறார்.

“இன்னும் தெரியல சார்,” என்கிறாள் மோகனா. “தெரிஞ்சதும் சொல்றேன்.”