ஜன்னல் கம்பியில் ஒரு சீட்டு

துணி காயப்போடும் கிளிப் ஒன்று என் மேசை டிராயரில் கிடக்கிறது. நீல நிறம், ஒரு பக்கம் பல் உடைந்தது. மேடம் விட்டுப்போனது.

நெய்வேலியில் ஷிப்டு பஸ்களுக்கான பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன அலுவலகம் எங்களுடையது. மேடம் எங்கள் செக்‌ஷனுக்குப் பொறுப்பு. அவரும் கான்ட்ராக்ட், நாங்களும் கான்ட்ராக்ட். ஒரு மென்பொருள் நூறு சின்ன பேக்கேஜ்களின், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுதிய குட்டி நிரல்களின், மேல் நிற்பது. ஒன்றை உருவினால் எது சரியும் என்று கணினி எப்போதும் சரியாகச் சொல்லிவிடாது. பழையதை அவ்வப்போது நீக்குவதும் எங்கள் வேலை. அதனால் மேடம் ஒரு விதி வைத்திருந்தார்: எதை நீக்குவதானாலும் அதன் பெயரைச் சீட்டில் எழுதி, ஜன்னல் கம்பியில் அந்தக் கிளிப்பால் மாட்டவேண்டும். ஒரு மாதம் தொங்கும். தேவைப்படுகிறவர் சீட்டைக் கழற்றிக்கொள்ளலாம்; கழற்றினால் அதை நீக்கக்கூடாது. "மாசத்துக்கு ஒருக்கா மட்டும் வேலை செய்யறதும் இருக்குங்க. அவசரப்படாதீங்க" என்பார்.

நான் அவசரப்பட்டேன். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம்; வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளவேண்டுமே! கணினி 'யாருக்கும் தேவையில்லை' என்று சொன்ன ஒரு பேக்கேஜை, சீட்டு மாட்டிய மூன்றாம் நாளே நீக்கிவிட்டேன்.

ஒன்றாம் தேதி மதியம், இரண்டாம் ஷிப்டிலிருந்து தொடங்கவேண்டிய புது மாதப் பட்டியல் உருவாகவில்லை. மாதம் பிறக்கும்போது தேதிகளை மாற்றித் தருவது நான் நீக்கிய அந்தப் பேக்கேஜ்தான். இரண்டாம் ஷிப்டுக்கு எந்த பஸ் எந்தக் குடியிருப்பு பிளாக்குக்குப் போகவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. "இன்னாங்க, லிஸ்ட்டு வருமா வராதா? எம்மா நேரம் நின்னுகினு இருக்கறது?" என்று ஒரு டிரைவர் வாசலில் கத்தினார். மேடம் தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து அதைத் திரும்பப் போட்டார். பஸ்கள் தாமதமாகத்தான் கிளம்பின.

மேனேஜர் வந்து, "யார் எடுத்தது?" என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். பாவி, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம செக்‌ஷன்ல நடந்ததுங்க சார். நான்தான் பொறுப்பு" என்றார்.

அவருடைய கான்ட்ராக்ட் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. போகும்போது கிளிப்பை என் மேசையில் வைத்து, "இது இங்கியே இருக்கட்டுங்க" என்றார்.

இன்று அவர் நாற்காலியில் நான். இன்று காலை, யாரும் வருவதற்கு முன், 'எடுத்தது நான்' என்று ஒரு சீட்டில் எழுதி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சீட்டைக் கிளிப்போடு கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.