தலை வாராத வெப்சைட்

மகள் பிறந்து இரண்டு வருடம் கழித்து நான் செய்த முதல் வேலை, பட்டாபிராமில் எங்கள் தெரு மாவுக்கடை சரசு அக்காவுக்கு ஒரு வெப்சைட். இது சரியாக வந்தால்தான் மறுபடி வேலை தேடும் தைரியம் வரும் என்றிருந்தேன். படிப்பில் கற்றபடியே விவரங்களையும் ஆர்டர் படிவத்தையும் ஒரு ஃபைலிலும், வண்ணங்களை இன்னொன்றிலும், அசைவுகளை மூன்றாவதிலும் பிரித்து எழுதினேன்.

அன்று காலை மகள் மடியில் அழ, அவசரமாக வெப்சைட்டை இணையத்தில் ஏற்றி, லிங்கை அக்காவுக்கு அனுப்பிவிட்டு அவளோடு பிளேஸ்கூலுக்கு ஓடினேன். வாசலில் போனில் அதைத் திறந்தால், வெள்ளைப் பக்கத்தில் வெறும் கறுப்பு எழுத்து! வண்ணங்கள், அசைவுகள் இருந்த மற்ற இரண்டு ஃபைல்களையும் ஏற்றவே இல்லை. உடனே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, லிங்கை யாருக்கும் அனுப்பிடாதீங்க!"

"இன்னாமா நீ, அப்பவே அனுப்ச்சிட்டேன். பதினோரு ஆர்டர் வந்துகீது. எங்க ஊட்டுக்காரரு ஓட்ட போன்ல கூட டக்குனு தொறக்குது!"

"பார்க்க நல்லாவே இல்லையே அக்கா..."

"மாவு வாங்க வர்றவங்க மாவைத்தான் பாப்பாங்க. போய் டீ குடி!"

பிரித்து எழுதியதால்தான் மற்ற இரண்டும் இல்லாமலே படிவம் வேலை செய்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், மகளுக்குத் தலை வாரவும் மறந்திருக்கிறேன். அவள் பரட்டைத் தலையோடு கையாட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு ஃபைல்களையும் நிதானமாக ஏற்றினேன். வேலைக்கு ஒரு விண்ணப்பமும் அன்றே அனுப்பினேன், பத்து முறை திருத்தாமல்.