வாசலில் போட்ட நாற்காலி

திருத்தணியில் உச்சிவெயில். என் கடைக்கு நெய்யச் சொன்ன கைலிகளில் கடைசி ஐந்து இன்னும் தறியில் கிடக்கின்றன. மூன்று மணி ரயிலுக்குள் முடிந்தாக வேண்டும். அதற்குள் கொட்டகையில் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றுவிடுகின்றன. நெய்கிற இளவட்டங்கள் எழுந்து, சுவரோரம் உட்கார்ந்து கூழ் குடிக்கிறார்கள். வாசலை மறித்தபடி ஒரு காலி நாற்காலி.

"இன்னா நைனா, உள்ள போய் வெரட்டு!" என்கிறேன் முதலாளியிடம்.

"முடியாதுங்க பெரியவரே. இதுங்க துன்ற நேரத்துல நான் உள்ள பூந்துடக் கூடாதுன்னு நம்ம சர்ச்சு பாதிரியாரு டெய்லி வாசல்ல இந்த நாற்காலிய போட்டு குந்திக்குவாரு."

"இப்ப எங்க அவரு?"

"போன வருசமே செத்துட்டாரு. ஆனா குந்திகினுதான் கீறாரு."

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தலையில் துணி மூட்டை சுமந்தே மூன்று கடை வைத்தவன். என்னிடமா இந்தக் கதை? சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுக்கிறேன். நகரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கிறேன். ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற கனம்.

கையை எடுத்துவிட்டு, முதலாளியோடு வெயிலில் நிற்கிறேன். ரயில் போனால் போகட்டும். உள்ளே ஒருத்தி நிதானமாக இன்னொரு சொம்பு கூழ் ஊற்றிக்கொள்கிறாள்.