காருக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த சாத்தப்பன் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை காலை. சாக்கோட்டைச் சாலையில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் புளியமரத்தடியில் வழக்கம்போல நம் வண்டிகள் நின்றிருந்தன. பானெட்டுகள் திறந்திருந்தன. யாருடைய காரில் ஏசி குளிரவில்லை, அதற்கு யார் என்ன செய்து பார்த்தார்கள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்போது எல்லாருடைய கைபேசியும் ஒன்றாகச் சிணுங்கியது. அனுப்பியவர் பெயர் சாத்தப்பன் அண்ணன் என்றிருந்தது. வர நேரமாகும் என்று வழக்கமான சாக்கு சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டேதான் திறந்தோம். அப்பாவை அப்பச்சி என்றே கூப்பிடும் மகள், அவர் கைபேசியிலிருந்து எழுதியிருந்தாள்: "அப்பச்சி விடியக்காலை தவறிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக." நம்மில் ஒருவர் எழுந்துபோய் எல்லா வண்டிகளின் பானெட்டுகளையும் ஒவ்வொன்றாக இறக்கி மூடினார். அந்தச் சத்தங்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அறியாதவர் யாராவது படிக்கக்கூடும். காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் சாத்தப்பன் அண்ணன். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், மனம் மட்டும் வாசலில் நிற்கும் காரில் இருக்கும். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. கார் வைத்திருக்க வேண்டும், அதைப் பற்றி வாய் ஓயாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் தகுதி. அந்தத் தகுதி அவருக்கு எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. பாதி விழிப்பில் கனவைச் சொல்பவர்போல மெதுவாகப் பேசுவார். "கம்பெனிக்காரன் ஒரு அளவுக்குத்தான் செஞ்சு அனுப்புவான். மிச்சத்த நாமதான் செஞ்சுக்கிறணும்" என்பார். அந்த மிச்சத்தைச் செய்து அவர் கெடுத்த வண்டிகள் எத்தனை என்று கேட்டால் அவரே முதலில் சிரிப்பார்.

ஆத்தங்குடிக் கல் கதையை எத்தனை முறை சொன்னாலும் சலிக்காது. வீட்டில் கால் வைத்தால் குளிர்கிற தரை காரில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று ஒரு சித்திரை வெயிலில் அவருக்குத் தோன்றிவிட்டது. ஆத்தங்குடிக்குப் போய், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட கற்களை அளவு சொல்லிச் செய்து வாங்கி வந்தார். பின் இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் கயிற்றுப் பாயை விரித்து, அதன் மேல் பதித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. காருக்குள் எட்டிப் பார்த்தால் யாரோ ஒரு சின்னஞ்சிறு வீட்டைக் கட்டிக் குடிபோகக் காத்திருப்பதுபோல இருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். கல் பளபளக்க வேண்டுமென்று வீட்டில் செய்வதுபோலவே தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டார்.

முதல் பயணத்தில் பின் இருக்கையில் ஏறியவர் அவர் மனைவி, நம் மீனாட்சி ஆச்சி. தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக் போட்டார். பட்டுப்புடவையோடு ஆச்சி இருக்கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பூக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வேகத்தடையில் கற்களில் இரண்டு விரிசல் விட்டன. "கல்லுல எண்ணெ கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அண்ணன். ஆச்சி இறங்கி ஆட்டோ பிடித்துப் போனார்கள். அன்றிலிருந்து அவர் ஓட்டும் எந்த வண்டியிலும் ஆச்சி ஏறவில்லை. கல்யாண வீடுகளுக்குக்கூட அண்ணன் காரில் போவார், ஆச்சி பின்னாலேயே ஆட்டோவில் வருவார்கள்.

இனி என் கதை. அது இல்லாமல் அவரைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் மெலிந்துபோனது. சாக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் சம்பளத்தில் வாங்கிய கார், என் பெயரில் பதிவான கார், ஆனால் ஓட்டியது என் கணவர் செல்வராஜ். நம் கூட்டத்தில் வண்டி ஓட்டாத ஒரே உரிமையாளர் நான். டயரில் எவ்வளவு காற்று, எண்ணெய் எப்போது மாற்றியது, எந்தப் பக்கத்து பேரிங் முனகுகிறது, எல்லாம் பக்கத்து இருக்கையில் இருந்தபடியே எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கிளட்ச் கொஞ்சம் அதிருதுண்ணே" என்று நான் சொன்னேன்.

"வண்டிய எடுக்கும்போதா, கியர் மாத்தும்போதா?" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவ ஓட்டுறதில்லண்ணே" என்றார் என் கணவர்.

"ஏன்?"

கணவர் என் காலைப் பார்த்தார். அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல மரத்தைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க எனக்குப் பழகிய காட்சிதான் அது. அண்ணன் மட்டும் என் கார்க் கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து பெடல்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க காலுல ஒண்ணுமில்ல ஜெசிந்தா. வண்டிதான் ஒங்களுக்குத் தோதா இல்ல. வண்டிய மாத்திப்புடலாம்."

இதை ஆறுதலுக்காக அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. அவர் கண்ணில் உலகத்துக் கார்கள் எல்லாமே முடிக்கப்படாதவை. என்னுடையது அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

இடது காலால் மிதிக்க வேண்டிய கிளட்சைக் கையால் அழுத்துவதற்கு அவரே ஒரு கைப்பிடி செய்தார். ஜன்னல் கம்பி ஒன்றும் பழைய சைக்கிளின் பிரேக் ஒயரும் அதில் இருந்தன என்பதைப் பிறகுதான் சொன்னார். கோடையில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கினோம். சாயங்கால வெயிலில் கண்மாய் முழுக்கச் செம்பொடி மிதந்தது. தூரத்தில் ஆடுகள் மேய்ந்தன. முதன்முதலாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கைப்பிடியை இழுத்து, கியரைப் போட்டு, மெல்ல விட்டேன். வண்டி நகர்ந்தது. ஓசையே இல்லாததுபோல, நீர் மேல் போவதுபோல நகர்ந்தது. மழைக்காலத்தில் நீர் நிற்கும் இடம்தானே என்று எனக்குத் தோன்றியது. அந்த மயக்கத்திலேயே அடுத்த கியருக்குக் கைப்பிடியை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி, ஆடுகளுக்கு முன்னால் போய் அணைந்து நின்றது. நான் கம்பியைக் கையில் பிடித்தபடி அழவா சிரிக்கவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து ஓடிவந்த அண்ணன் மூச்சு வாங்கச் சொன்னார்: "கைக்கு நல்ல பலம் இருக்கு. கம்பிக்குத்தான் இல்ல."

அதன்பிறகு மதுரையில் இதற்கென்றே உள்ள பட்டறையில் முறையாகக் கைப்பிடி பொருத்தி, பதிவுச் சான்றில் ஏற்றி, பழகி, உரிமமும் வாங்கினேன். பெரிய காரியம் முடிந்துவிட்டதாக நினைத்தேன். இல்லை. நான் ஓட்டும் வண்டியில் யாரும் ஏறவில்லை. என் கணவருக்குத் திடீரென்று நடைப்பயிற்சியில் ஆர்வம் வந்தது. நடந்தால் சர்க்கரை குறையும் என்றார், அவருக்குச் சர்க்கரையே கிடையாது. அலுவலகத் தோழிகள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். நான் வண்டியை ஓரங்கட்டினால், "இருக்கட்டுங்க்கா, பஸ்சே சௌகரியம்" என்பார்கள். நாலு பேர் உட்காரக்கூடிய காரில் தினமும் நான் தனியாகப் போய்த் தனியாக வந்தேன். அவமானமாக இருந்தது, கோபமும் இருந்தது. ஓட்டக் கற்றது எனக்குப் போதவில்லை. என்னை நம்பி ஒருவர் ஏற வேண்டும். அந்தக் காலத்தில் நான் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

ஒரு மார்கழிக் காலையில் வீட்டு வாசலில் அண்ணன் நின்றார். "என் வண்டி பிரிச்சுக் கெடக்கு. ஆத்தங்குடி வரைக்கும் போகணும். கொண்டுபோய் விடுறீகளா?" என்றார். எனக்காகத்தான் வருகிறார் என்று முதலில் சந்தேகப்பட்டேன். போகும் வழியில் பார்த்தால் நிஜமாகவே அவர் வீட்டு வாசலில் கார் சக்கரமில்லாமல் செங்கல் மேல் நின்றது.

பனி இறங்கியிருந்தது. சாலையோரப் பனைகள் அருகில் வரும்போதுதான் தெரிந்தன, தெரிந்த உடனே மறைந்தன. அண்ணன் பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். கார்க் கூரையை வெட்டி, வீட்டு முற்றம்போல வானம் தெரிய விட வேண்டுமாம். "மழ பேஞ்சா என்னண்ணே பண்ணுவீக?" என்றேன். "முத்தத்துல மழ பேயாம? பேயட்டும். ஓரமா ஒதுங்கி உக்காந்து பாக்கலாம்" என்றார். ஒரு பாலத்தின் ஏற்றத்தில் எதிரே லாரி வந்தது. நான் பதறிக் கைப்பிடியைச் சட்டென்று விட்டுவிட, வண்டி அணைந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. மழைநீர் வெளியே போக எங்குட்டு ஓட்டை வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் காலையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. லாரி போனதும் வண்டியைக் கிளப்பினேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவர் என்னைப் பாராட்டுவார் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். அவர் புகார்தான் சொன்னார். "ஜெசிந்தா வண்டியில ஆத்தங்குடி போனேன். பின்னால எடப்பக்கத்து டயர்ல காத்துக் கம்மி. இதக்கூடவா பாக்க மாட்டீக?" எல்லாரும் என்னைத் திட்டினார்கள். ஆளாளுக்கு டயரைப் பற்றி யோசனை சொன்னார்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அன்று வீடு திரும்பும்போது என் கணவர் சாவியைக் கேட்கவில்லை. மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார். கதவுக்கு மேலிருந்த பிடியைச் சாக்கோட்டைச் சாலை முழுக்க இறுகப் பிடித்திருந்தார். ஊருக்குள் நுழையும்போது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணனின் காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்த உறவினர்கள் கலைந்த பிறகு, ஆச்சி என்னைக் கைபேசியில் கூப்பிட்டார்கள். "திருப்பத்தூர்ல கண்ணு டாக்டரப் பாக்கணும். வாரியா ஜெசிந்தா?"

"டிரைவர் யாரையாச்சும் ஏற்பாடு பண்ணவா ஆச்சி?"

"டிரைவர் என்னத்துக்கு? நான் ஒன்னத்தான கூப்புடுறேன்."

வெள்ளைச் சேலையில் வந்தார்கள். கதவைத் திறந்ததும் முதலில் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார்கள். சாதாரண ரப்பர் விரிப்புதான். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, முன்னால் என் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார்கள். வெயில் வயல்களின் மேல் அசையாமல் கிடந்தது. என் கை கைப்பிடியை இழுப்பதையும் விடுவதையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் கேட்டார்கள்: "இது அவுக செஞ்சு குடுத்ததா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அண்ணன் விஷயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல ஆச்சி. அவுக செஞ்சது மொத நாளே கையோட வந்துருச்சு. இது மதுரையில வச்சது."

ஆச்சி ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு குலுங்க, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "நிறுத்தாத. நீ ஓட்டு" என்றார்கள்.

அண்ணன் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் மகள் என்னிடம் கேட்டாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் எனக்குக் கொடுத்தது ஏற்கெனவே என் காரில் இருக்கிறது, பக்கத்து இருக்கையில். நான் தனியாக ஓட்டித் திரிந்த நாட்களில் பக்கத்து இருக்கையில் என் கைப்பைதான் உட்கார்ந்து வரும். இப்போது வண்டியை எடுக்கும் முன் அதைத் தூக்கிப் பின்னால் வைத்துவிடுகிறேன். யாராவது ஏறுவார்கள்.